சி நிரலுக்குள் லுவா இன்டர்பிரட்டரைப் பதிப்பது எப்படி? பிழைகளும் முடிவில்லாச் சுழற்சியும் முதன்மை நிரலைச் சாய்க்காமல் இருக்க என்ன வழி?

கேள்வி: மின்கம்பி

வணக்கம். மின் அளவிகளிலிருந்து ஆர்எஸ்-485 கம்பி வழியே மோட்பஸ் நெறிமுறையில் அளவீடுகளைப் படித்து, வரம்பு மீறினால் எச்சரிக்கை எழுப்பி, தேவைப்படும்போது ரிலேக்களைத் திறந்து மூடும் சி நிரல் ஒன்றைப் பராமரித்து வருகிறேன். 64 மெகாபைட் நினைவகம் கொண்ட சிறிய ஆர்ம் பலகையில், லினக்ஸின் மேல் அது ஓடுகிறது. அளவீடு எடுக்கும் பகுதி நன்றாக நிலைபெற்றுவிட்டது. மாறிக்கொண்டே இருப்பவை விதிகள்தான். ஓர் இடத்தில், மூன்று ஃபேஸ்களில் ஏதேனும் ஒன்று தொடர்ந்து 10 நிமிடம் 210 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் மோட்டாரை நிறுத்த வேண்டும் என்கிறார்கள். இன்னோர் இடத்தில், பவர் ஃபேக்டர் 0.9-க்குக் கீழே இறங்கினால் கெப்பாசிட்டர் பேங்க்கைச் சேர்க்க வேண்டும், ஆனால் இரவில் வேண்டாம் என்கிறார்கள். இப்படி ஒவ்வொரு விதிக்கும் சி-யில் சில வரிகளை எழுதி, ஆர்முக்காகக் கம்பைல் செய்து, முழு நிரலையும் மாற்றி வைக்க வேண்டியிருக்கிறது.

எனவே விதிகளை மட்டும் ஒரு ஸ்க்ரிப்ட் மொழியில் எழுதி, அதன் இன்டர்பிரட்டரை (ஸ்க்ரிப்டைப் படித்து ஓட்டும் பகுதியை) என் நிரலுக்குள்ளேயே பதித்துவிடலாம் என்று எண்ணுகிறேன். ஸ்க்ரிப்டை எழுதப் போகிறவர்கள் களத்தில் வேலை செய்யும் மின்பொறியாளர்கள். அவர்கள் நம்பத்தக்கவர்கள், ஆனால் நிரலாக்கம் அவர்களுடைய முதன்மைத் தொழில் இல்லை. லுவா, பைத்தான், டிக்கிள் ஆகிய மூன்றையும் மேலோட்டமாகப் பார்த்ததில் லுவாவின் பக்கம் மனம் சாய்கிறது. முதல் எடுத்துக்காட்டுகளை ஓட்டியும் பார்த்துவிட்டேன்: ஸ்டேட்டை (லுவாவின் ஓர் ஓட்டத்துக்கான தரவு முழுவதையும் தாங்கும் பொருளை) உருவாக்குவது, கோப்பை ஏற்றுவது, ஒரு செயற்கூற்றை அழைப்பது ஆகியவை எளிதாகவே அமைந்தன.

எனக்குப் புரியாதது அதற்கு அடுத்த கட்டம். ஸ்க்ரிப்டில் பிழை நேர்ந்தால் என் சி நிரலில் எந்த இடத்துக்குக் கட்டுப்பாடு திரும்புகிறது? லுவாவிடமிருந்து வாங்கிய ஒரு சரத்தின் பாயிண்டரை (நினைவக முகவரியை) நான் எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம்? இவற்றைப் பற்றி எடுத்துக்காட்டுகள் எதுவும் சொல்லவில்லை. ரிலேயை இயக்கும் நிரல் என்பதால், "பெரும்பாலும் வேலை செய்யும்" என்ற அளவில் இதை விட்டுவிட எனக்கு மனமில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி: அடுக்குமுல்லை

மொழித் தேர்வைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு உங்கள் உண்மையான கேள்விக்கு வருகிறேன். லுவா 1993-இல் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் உள்ள கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில், வேறொரு நிரலுக்குள் குடியிருப்பதற்கென்றே உருவாக்கப்பட்ட மொழி. இன்டர்பிரட்டர் முழுவதும் சில நூறு கிலோபைட்டுக்குள் அடங்கிவிடும், சி-யின் தரமான நூலகத்தைத் தவிர வேறு எதையும் அது சார்ந்திருப்பதில்லை, 5.0 பதிப்பிலிருந்து எம்ஐடி உரிமத்தில் கிடைக்கிறது. பைத்தானையும் பதிக்க முடியும். ஆனால் அது தன் நூலகக் கோப்புகளின் தொகுதி ஒன்றைக் கூடவே எடுத்துவரும். ஒவ்வொரு பொருளுக்கும் குறிப்பு எண்ணிக்கையை நீங்களே கூட்டிக் குறைத்துப் பராமரிக்க வேண்டும். 64 மெகாபைட் பலகையில் விதிகளுக்காக மட்டும் அந்தச் சுமையை ஏற்பதில் பொருள் இல்லை. டிக்கிளும் பதிப்பதற்கென்றே 1988-இல் பிறந்த நல்ல மொழிதான். இருந்தாலும் கணக்குக் கோவைகளை எழுதுவதில் லுவாவின் வடிவம் மின்பொறியாளர்களுக்கு எளிதாகப் பழகிவிடும் என்பது என் கருத்து.

இனி பிழைகளைப் பற்றி. இதைத்தான் எடுத்துக்காட்டுகள் மறைத்துவிடுகின்றன. சி-யாகக் கம்பைல் செய்யப்பட்ட லுவா, பிழை நேரும்போது லாங்ஜம்ப் செய்கிறது. அதாவது, பிழை நேர்ந்த இடத்திலிருந்து மிக அண்மையிலுள்ள லுவா_பிகால் அழைப்புக்குக் கட்டுப்பாடு நேராகத் தாவிவிடும். இடையில் இருந்த உங்கள் சி செயற்கூறுகள் எதுவும் முறைப்படி முடிவதில்லை. அப்படிப்பட்ட பாதுகாப்பான அழைப்பு ஒன்றுமே இல்லாத நிலையில் பிழை நேர்ந்தால், பேனிக் செயற்கூறு அழைக்கப்பட்டு, பிறகு அபார்ட் நடந்து, உங்கள் நிரல் முழுவதும் விழுந்துவிடும்.

ஸ்க்ரிப்டை ஓட்டும் வரியை மட்டும் லுவா_பிகாலுக்குள் வைத்தால் போதும் என்று பலரும் எண்ணுகிறார்கள். அது போதாது. ஒரு சரத்தை ஸ்டாக்கில் (சி-யும் லுவாவும் மதிப்புகளைப் பரிமாறும் அடுக்கில்) தள்ளுவது, புதிய டேபிளை உருவாக்குவது, ஒரு குளோபல் மாறியை எடுப்பது என்று வெகுளியாகத் தோன்றும் அழைப்புகளில் பலவும் பிழை எழுப்பக் கூடியவை. நினைவகம் தீர்ந்திருக்கலாம், அல்லது அந்த டேபிளுக்கு ஒரு மெட்டாமெத்தட் (அதன் இயல்பான நடத்தையை மாற்றும் செயற்கூறு) இருந்து அதற்குள் பிழை நேரலாம். எனவே லுவாவோடு பேசும் வேலை முழுவதையும் ஒரே சி செயற்கூற்றுக்குள் எழுதி, அந்தச் செயற்கூற்றையே லுவா_பிகால் மூலம் அழையுங்கள். அதற்கு வேண்டிய தரவை ஒரு ஸ்ட்ரக்டில் வைத்து, அதன் முகவரியை லைட் யூசர்டேட்டாவாக (வெறும் சி முகவரியைத் தாங்கும் லுவா மதிப்பாக) அனுப்பலாம். லுவாவோடு வரும் கட்டளைவரி நிரலான லுவா.சி கோப்பும் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது: அதன் மெயின் செயற்கூறு செய்வதெல்லாம் ஸ்டேட்டைத் திறந்து, பிமெயின் என்ற செயற்கூற்றைப் பாதுகாப்பாக அழைத்து, முடிவைப் பார்த்து, மூடுவதுதான். சில நூறு வரிகளே உள்ள அந்தக் கோப்பை ஒருமுறை பொறுமையாகப் படியுங்கள். இந்தத் துறையில் அதைவிட நல்ல பாடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இதன் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். லுவாவிலிருந்து அழைக்கப்படும் சி செயற்கூறுகளை நீங்கள் எழுதும்போது, மேலாக்கில் நினைவகம் வாங்கிவிட்டு, அதன் பிறகு லுவாஎல்_செக்இன்டிஜர் கொண்டு அளபுருவைச் சோதித்தால், ஸ்க்ரிப்ட் எண்ணுக்குப் பதில் வேறெதையோ அனுப்பிய கணத்தில் கட்டுப்பாடு தாவிவிடும். வாங்கிய நினைவகம் அப்படியே கசிந்து போகும். நினைவகம் கசிவதாவது மெதுவாகத் தெரியும். ஒரு மியூடெக்ஸைப் (ஒரு நேரத்தில் ஒரு திரெட்டை மட்டும் அனுமதிக்கும் பூட்டைப்) பூட்டிய நிலையில் தாவிவிட்டால், மோட்பஸ் படிக்கும் உங்கள் இன்னொரு திரெட் அங்கேயே நின்றுவிடும். ஆகவே எல்லா அளபுருக்களையும் முதலில் சோதியுங்கள். அதன் பிறகே பூட்டுங்கள். பூட்டியிருக்கும் வேளையில் லுவாவின் எந்தச் செயற்கூற்றையும் அழைக்காதீர்கள். தற்காலிக நினைவகம் தேவைப்பட்டால் மேலாக்குக்குப் பதிலாக யூசர்டேட்டாவாக (லுவாவே பராமரிக்கும் நினைவகத் துண்டாக) வாங்கிக்கொள்ளலாம். எப்படி வெளியேறினாலும் குப்பை சேகரிப்பி அதைப் பார்த்துக்கொள்ளும்.

சரங்களைப் பற்றிய உங்கள் கேள்விக்கு விடை இது: லுவா_டுஸ்ட்ரிங் தரும் பாயிண்டர் லுவாவுக்குச் சொந்தமான நினைவகத்தைக் காட்டுகிறது. அந்தச் சரம் ஸ்டாக்கில் இருக்கும் வரை பாயிண்டர் செல்லும். ஸ்டாக்கிலிருந்து எடுத்துவிட்ட பிறகு அது நிலைத்திருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. வேண்டுமென்றால் உடனே நகல் எடுத்துக்கொள்ளுங்கள். இதே செயற்கூறு இன்னொரு காரியமும் செய்கிறது: ஸ்டாக்கின் அந்த இடத்தில் எண் இருந்தால், அந்த எண்ணையே சரமாக மாற்றி அங்கே வைத்துவிடும். லுவா_நெக்ஸ்ட் கொண்டு ஒரு டேபிளைச் சுற்றிவரும்போது சாவியின் மீது இதைப் பயன்படுத்தினால், சாவியின் வகை மாறிப்போய், சுற்று குழம்பிவிடும்.

ஸ்டாக்கைப் பற்றி இரண்டு செய்திகள் போதும். ஒரு சி செயற்கூறு அழைக்கப்படும்போது குறைந்தது 20 இடங்கள் உறுதியாகக் கிடைக்கும். அதற்கு மேல் தேவையென்றால் லுவாஎல்_செக்ஸ்டாக் கொண்டு கேட்டுப் பெற வேண்டும். தன்னியல்பாக இந்தச் சோதனை நடப்பதில்லை. வேகத்துக்காக அதை லுவா விட்டுவைத்திருக்கிறது. ஆகவே உருவாக்கும் கட்டத்தில் லுவா_யூஸ்_ஏபிஐசெக் என்ற மேக்ரோவை இயக்கி லுவாவைக் கம்பைல் செய்யுங்கள். உங்கள் தவறான ஏபிஐ அழைப்புகளில் பல, எப்போதோ எங்கோ வெடிக்காமல், தவறு செய்த வரியிலேயே அசெர்ட்டாக நின்று காட்டும்.

இறுதியாக, ஒவ்வொரு நொடியும் கோப்பை மீண்டும் ஏற்றாதீர்கள். தொடக்கத்தில் ஒருமுறை ஏற்றி, விதிச் செயற்கூற்றை லுவாஎல்_ரெஃப் மூலம் ரெஜிஸ்ட்ரியில் (சி நிரல் மதிப்புகளைச் சேமிக்க லுவா தரும் உள் டேபிளில்) வைத்துக்கொண்டு, அந்தக் குறிப்பெண்ணைக் கொண்டு அழையுங்கள். லுவா_பிகாலுக்குத் தரும் செய்திக் கையாளியில் லுவாஎல்_டிரேஸ்பேக்கை அழைத்துவிடுவதும் முக்கியம். பிகால் திரும்பிய பிறகு அழைத்தால், பிழை நேர்ந்த அடுக்கு முழுவதும் கலைக்கப்பட்டிருக்கும். எந்த வரியில் எந்த வழியாகப் பிழை வந்தது என்பதை அதன் பிறகு அறிய முடியாது. களத்தில் இருப்பவர் தொலைபேசியில் உங்களுக்குப் படித்துக்காட்டப் போவது அந்தச் செய்தியைத்தான்.

மறுமொழி: தாழ்வாரம்

மேலே சொன்னவற்றோடு முழுவதும் உடன்படுகிறேன். அவர் தொடாத ஒன்றைச் சேர்க்கிறேன்: ஸ்க்ரிப்டின் கைக்கு எவற்றை எட்ட விடுவது என்பது.

எடுத்துக்காட்டுகள் எல்லாவற்றிலும் லுவாஎல்_ஓப்பன்லிப்ஸ் என்ற ஒரே வரி இருக்கும். அந்த வரி ஐஓ, ஓஎஸ், பேக்கேஜ், டீபக் உட்பட எல்லா நூலகங்களையும் திறந்துவிடுகிறது. உங்கள் விதி எழுதுவோர் நம்பத்தக்கவர்கள் என்கிறீர்கள், அது நல்லதே. ஆனால் எச்சரிக்கையைக் கோப்பில் பதியலாம் என்று ஒருவர் நல்லெண்ணத்தோடு ஐஓ நூலகத்தைப் பயன்படுத்தி, பலகையின் ஃபிளாஷ் நினைவகம் நிரம்பும் வரை எழுதிக்கொண்டே இருக்கலாம். எனவே தேவையானவற்றை மட்டும் லுவாஎல்_ரிக்கொயர்எஃப் மூலம் ஒவ்வொன்றாகத் திறங்கள்: அடிப்படை, சரம், டேபிள், கணிதம் ஆகியவை உங்களுக்குப் போதும். அடிப்படை நூலகத்திலிருந்தும் டூஃபைல், லோட்ஃபைல், லோட் ஆகியவற்றை நீக்கிவிடுங்கள். எல்லாவற்றையும் திறந்துவிட்டு, ஆபத்தானவற்றை ஒவ்வொன்றாக நீக்குகிற வழியில் போக வேண்டாம்; நீக்க மறந்த ஒன்று எப்போதும் எங்காவது ஒளிந்திருக்கும்.

இதற்குப் பெரிய சான்று ரெடிஸ் என்ற தரவுத்தள சர்வர். அது 2012-இல் 2.6 பதிப்பிலிருந்து லுவா 5.1-ஐத் தன்னுள் பதித்து வைத்திருக்கிறது. 2022-இல் தேபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வெளியீடுகளின் ரெடிஸ் தொகுப்புகளில் மிகக் கடுமையான பாதுகாப்புக் குறை ஒன்று வெளிப்பட்டது. சிவிஇ-2022-0543 என்பது அதன் எண். ரெடிஸின் மூல வெளியீட்டில் அந்தக் குறை இல்லை. அது தன்னோடு வரும் லுவாவையே சேர்த்துக் கட்டுகிறது. அந்தத் தொகுப்புகளோ இயங்குதளத்தின் பொதுவான லுவா நூலகத்தோடு இணைக்கப்பட்டிருந்தன. அந்த மாற்றத்தில் பேக்கேஜ் என்ற மாறி ஸ்க்ரிப்டின் கைக்கு எட்டும் இடத்திலேயே தங்கிவிட்டது. அதிலுள்ள லோட்லிப் என்ற ஒரே செயற்கூற்றைக் கொண்டு லுவா நூலகத்திலிருந்து ஐஓவை எடுத்துத் திறந்து, அதன் வழியே சர்வரில் எந்தக் கட்டளையையும் ஓட்ட முடிந்தது. கூண்டை நன்றாகக் கட்டியிருந்தும், கட்டும் முறை சற்று மாறியதால் ஒரு கதவு திறந்துகொண்டது. உங்கள் நிரலில் லுவாவின் மூலக் கோப்புகளையே திட்டத்துக்குள் வைத்து ஸ்டாட்டிக்காக இணையுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம். எந்தப் பதிப்பு, எந்த அமைப்புகளோடு ஓடுகிறது என்பது அப்போது உங்கள் கையில் இருக்கும்.

இன்னும் இரண்டு ஓட்டைகள். லுவா, மூல உரையை மட்டுமன்றி முன்பே கம்பைல் செய்த பைட்கோடையும் ஏற்றுக்கொள்ளும். அதைச் சரிபார்க்கும் பகுதி 5.2 பதிப்பிலேயே நீக்கப்பட்டுவிட்டது. வேண்டுமென்றே கெடுத்து எழுதப்பட்ட பைட்கோடு இன்டர்பிரட்டரையே வீழ்த்த முடியும். ஆகவே லுவாஎல்_லோட்பஃபர்எக்ஸை அழைக்கும்போது உரையை மட்டும் ஏற்கும் முறையைத் தெரிவியுங்கள். இரண்டாவது, சரங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே மெட்டாடேபிள் (மெட்டாமெத்தட்களை வைத்திருக்கும் டேபிள்). ஒரு ஸ்க்ரிப்டின் சூழலிலிருந்து சர நூலகத்தை எடுத்துவிட்டாலும், ஏதேனும் ஒரு சரத்தின் மெட்டாடேபிள் வழியாக அதை எட்டி, அதிலுள்ள செயற்கூறுகளை மாற்றியும் எழுதிவிடலாம். ஒரே ஸ்டேட்டில் பல விதிக் கோப்புகளை ஓட்டப் போகிறீர்கள் என்றால், அந்த மெட்டாடேபிளுக்கு மறைப்புப் புலம் ஒன்றை வைத்து மூடிவிடுங்கள். அல்லது, ஒவ்வொரு கோப்புக்கும் தனி ஸ்டேட் கொடுத்துவிடுங்கள். லுவாவின் மையத்தில் மாறக்கூடிய குளோபல் மாறிகள் இல்லை. ஸ்டேட்டுகள் ஒன்றையொன்று அறியாமலேயே வாழும்.

கேட்டவர்: மின்கம்பி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. என் செயற்கூறுகளில் மியூடெக்ஸைப் பூட்டிய பிறகு அளபுருவைச் சோதிக்கும் இடங்கள் இருக்கின்றன. அவற்றை இன்றே மாற்றுகிறேன்.

இதைத் தொடர்ந்து எழும் கேள்வி: விதி எழுதுபவர் ஒருவர் தவறுதலாக முடிவில்லாச் சுழற்சி ஒன்றை எழுதிவிட்டால் என்ன செய்வது? குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் ஸ்க்ரிப்டைப் பாதியில் நிறுத்த வேண்டும். அப்படி நிறுத்தும்போது, அது மூன்று ரிலேக்களில் ஒன்றை மூடிவிட்டு மற்ற இரண்டைத் தொடாமல் இருந்தால், அந்த நிலையே ஆபத்தானதாக இருக்கலாம். நினைவகத்துக்கும் ஒரு வரம்பு வைக்க விரும்புகிறேன்.

மறுமொழி: கல்தூண்

நீங்கள் ரிலேக்களைப் பற்றி எழுப்பிய ஐயத்தைத்தான் நான் இந்தத் திரியில் தேடிக்கொண்டிருந்தேன். நிறுத்தும் கருவியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

லுவா_செட்ஹுக் என்ற செயற்கூற்றில் எண்ணிக்கை முறை ஒன்று உண்டு. இன்டர்பிரட்டர் நீங்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான கட்டளைகளை நிறைவேற்றிய ஒவ்வொரு முறையும் உங்கள் சி செயற்கூற்றை (இதுவே ஹுக்) அழைக்கும். அங்கே கடிகாரத்தைப் பார்த்து, வரம்பு கடந்திருந்தால் பிழை எழுப்புங்கள். கட்டுப்பாடு உங்கள் பிகாலுக்குத் திரும்பிவிடும். எண்ணிக்கையை ஆயிரத்தை ஒட்டி வைத்தால் அதனால் ஏற்படும் தாமதம் பெரும்பாலும் உணரப்படாது.

இது எளிதாகத் தோன்றினாலும் மூன்று இடங்களில் வழுக்கும். முதலாவது, ஸ்க்ரிப்டுக்கும் பிகால் உண்டு. சுழற்சிக்குள் பிகால் வைத்து எழுதியிருந்தால், நீங்கள் எழுப்பிய பிழையை அதுவே பிடித்து விழுங்கிவிட்டு, மீண்டும் சுற்றத் தொடங்கும். இதற்கு மாற்று, வரம்பு கடந்ததும் ஹுக்கின் எண்ணிக்கையை 1 ஆகக் குறைத்துவிடுவது. அதன் பின் ஒவ்வொரு கட்டளைக்கும் பிழை எழும்; பிகாலிலிருந்து வெளியே வந்த அடுத்த கட்டளையும் பிழையாகும்; இப்படி அடுக்கடுக்காகக் கலைந்து உங்களிடம் வந்து சேரும். இரண்டாவது, ஹுக் என்பது ஒவ்வொரு கோரூட்டினுக்கும் (இடையில் நிறுத்திப் பின் தொடரக்கூடிய ஓட்டத்துக்கும்) தனித்தனி. புதிய கோரூட்டின், தன்னை உருவாக்கியதன் ஹுக்கை எடுத்துக்கொள்ளும். ஆனால் முன்பே உருவாகியிருந்தவற்றுக்கு உங்கள் புதிய மாற்றம் போய்ச் சேராது. உங்கள் விதிகளுக்குக் கோரூட்டின் தேவைப்படாது என்று நினைக்கிறேன். அந்த நூலகத்தைத் திறக்காமலே விட்டுவிடலாம்.

மூன்றாவதுதான் கடினமானது. லுவாவின் கட்டளைகள் மட்டுமே எண்ணப்படுகின்றன. சி-யில் எழுதப்பட்ட நூலகச் செயற்கூற்றுக்குள் இருக்கும்போது ஹுக் அழைக்கப்படுவதில்லை. சர நூலகத்தின் பேட்டர்ன் தேடலில், பின்வாங்கிப் பின்வாங்கித் தேடும்படியான ஒரு கோலத்தை நீண்ட சரத்தின் மேல் ஓட்டினால், அந்த ஒரே அழைப்பு மிக நீண்ட நேரம் எடுக்கும். உங்கள் ஹுக் அது முடியும் வரை காத்திருக்கும். மின் அளவீட்டு விதிகளுக்குப் பேட்டர்ன் தேடல் எதற்கு? ஃபைண்ட், மேட்ச், ஜிமேட்ச், ஜிசப் நான்கையும் எடுத்துவிடுங்கள். லுவாஜிட்டைத் (ஓடும்போதே லுவாவை இயந்திர மொழியாக்கும் வேறொரு இன்டர்பிரட்டரைத்) தேர்ந்தெடுக்கும் எண்ணம் இருந்தால், ஜிட் கம்பைல் ஆன பகுதிக்குள் இந்த ஹுக் இயல்பாக வேலை செய்வதில்லை என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். உங்கள் தேவைக்குச் சாதாரண லுவாவின் வேகமே தாராளம்.

நினைவக வரம்புக்கு லுவாஎல்_நியூஸ்டேட்டுக்குப் பதிலாக லுவா_நியூஸ்டேட்டை அழைத்து, உங்கள் சொந்த ஒதுக்கியைக் கொடுங்கள். லுவா கேட்பது, திருப்பித் தருவது எல்லாம் அந்த ஒரே செயற்கூற்றின் வழியாகவே நடக்கும்; பழைய அளவும் புதிய அளவும் அளபுருக்களாக வரும் என்பதால் கூட்டிக் கழித்து மொத்தத்தைக் கணக்கிடலாம். வரம்பைத் தாண்டும் கோரிக்கைக்கு நல் (வெற்றுப் பாயிண்டர்) திருப்பி அனுப்பினால், லுவா முதலில் குப்பை சேகரிப்பு முழுவதையும் நடத்திப் பார்த்து மீண்டும் கேட்கும். அப்போதும் கிடைக்காவிட்டால் நினைவகப் பிழை எழுப்பும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: பழைய பாயிண்டர் நல்லாக வரும்போது, பழைய அளவு என்ற இடத்தில் வருவது அளவன்று, எந்த வகைப் பொருளுக்காகக் கேட்கப்படுகிறது என்பதைக் குறிக்கும் எண். அதை அப்படியே கழித்துவிட்டால் உங்கள் கணக்கு மெல்ல மெல்லப் பிசகும்.

இனி ரிலேக்கள். ரெடிஸில் ஒரு லுவா ஸ்க்ரிப்ட் இயல்பான வரம்பான 5 நொடியைக் கடந்துவிட்டால், ரெடிஸ் அதைத் தானாகக் கொல்வதில்லை. மற்றவர்களுக்குத் தான் வேலையாக இருப்பதாகச் சொல்லத் தொடங்குகிறது, அவ்வளவுதான். நிர்வாகி ஸ்க்ரிப்ட் கில் என்ற கட்டளை கொடுத்தாலும், அந்த ஸ்க்ரிப்ட் அதுவரை தரவில் எதையும் எழுதாமல் இருந்தால் மட்டுமே அது நிறுத்தப்படும். எழுதியிருந்தால், சேமிக்காமல் சர்வரையே நிறுத்துவதுதான் எஞ்சியிருக்கும் வழி. பாதி எழுதிய நிலையில் விடுவதைவிட அதுவே மேல் என்று அவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். நேர்மையான முடிவு அது. ஆனால் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும் இடத்தில் அந்த வழி உங்களுக்கு இல்லை.

ஆகவே என் உறுதியான பரிந்துரை இது: ரிலேயைத் திறக்கும், மூடும் செயற்கூறுகளை ஸ்க்ரிப்டுக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அந்த நொடியின் அளவீடுகளை ஒரு டேபிளாக உள்ளே அனுப்புங்கள். எந்த ரிலே எந்த நிலையில் இருக்க வேண்டும் என்ற முடிவை ஒரு டேபிளாக வெளியே வாங்குங்கள். ஸ்க்ரிப்ட் முழுமையாக முடிந்து, வந்த டேபிளில் உள்ள ஒவ்வொரு மதிப்பும் செல்லுபடியாகிறது என்று சி நிரல் சோதித்த பிறகே, ரிலேக்களை இயக்கும் வேலை தொடங்க வேண்டும். ஸ்க்ரிப்ட் பாதியில் நின்றாலும், பிழையோடு முடிந்தாலும், நினைவகம் இல்லாமல் விழுந்தாலும், வெளியுலகில் எதுவும் பாதியாக நடந்திருக்காது. அப்போது முந்தைய நிலையைத் தொடர்வதா, பாதுகாப்பான நிலைக்குப் போவதா என்பதைச் சி நிரல் தெளிவான ஒரே இடத்தில் முடிவு செய்யும்.

இப்படிச் செய்தால் மற்ற பல சிக்கல்களும் கூடவே கரைந்துபோகும். ஸ்க்ரிப்டுக்கு எந்தப் பாயிண்டரும் தர வேண்டியதில்லை. அளவியின் எண் போதும். யூசர்டேட்டாவின் ஆயுள், அதன் இறுதிச் செயற்கூறு, விடுவிக்கப்பட்ட அளவியை ஸ்க்ரிப்ட் இன்னும் பிடித்துக்கொண்டிருக்குமோ என்ற அச்சம் ஆகிய எதுவும் எழாது. மியூடெக்ஸைப் பூட்டி, அளவீடுகளை நகல் எடுத்து, திறந்துவிட்டு, பிறகே லுவாவுக்குள் நுழைவீர்கள். விதிக் கோப்பை மாற்றும்போதும், புதிய ஸ்டேட் ஒன்றைத் திறந்து, புதிய கோப்பை அதில் ஏற்றி, அண்மை அளவீடுகளைக் கொண்டு ஒருமுறை ஓட்டிப் பார்த்து, சரியாக இருந்தால் பழையதை மூடலாம். ஓடிக்கொண்டிருக்கும் விதி அதுவரை ஓடிக்கொண்டே இருக்கும்.

மறுமொழி: தாழ்வாரம்

கல்தூண் அவர்களின் பரிந்துரையை நானும் வழிமொழிகிறேன். ஒரு மாற்றுக் கருத்தையும் பதிவு செய்ய விரும்புகிறேன். நாளை இந்தக் கருவியை வாங்குவோரே விதிகளை எழுதத் தொடங்கினால், அதாவது எழுதுபவர் யாரென்றே உங்களுக்குத் தெரியாத நிலை வந்தால், இந்த ஏற்பாடுகள் அனைத்தும் இருந்தாலும் இன்டர்பிரட்டரை ரிலே இயக்கும் நிரலுக்குள் நான் வைக்க மாட்டேன். அதைத் தனி ப்ராசஸாக்கி, அளவீடுகளையும் முடிவுகளையும் பைப் வழியே பரிமாறுவேன். நேரத்துக்கும் நினைவகத்துக்கும் செட்ஆர்லிமிட் கொண்டு கெர்னலே வரம்பிடும். பேட்டர்ன் தேடலில் சிக்கினாலும், இன்டர்பிரட்டரிலேயே பிழை இருந்தாலும், அந்த ப்ராசஸைக் கொன்றுவிட்டு வேறொன்றைத் தொடங்கலாம். டேபிளை அனுப்பி டேபிளை வாங்கும் வடிவத்தில் இப்போதே எழுதிவிட்டால், பின்னாளில் அந்தப் பிரிவினையைச் செய்வதும் எளிது.

பைத்தானை இந்த நோக்கில் ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்காக: அதிலும் ஆர்எக்செக் என்ற பெயரில் ஒரு கூண்டு இருந்தது. அதைத் தாண்டிச் செல்ல வழிகள் கண்டுபிடிக்கப்பட்டதால் 2.3 பதிப்பில் முடக்கப்பட்டு, 3.0-இல் முற்றிலும் நீக்கப்பட்டது. டிக்கிளில் பாதுகாப்பான இன்டர்பிரட்டர் என்ற கருத்து மொழியிலேயே இருக்கிறது, 8.5 பதிப்பு முதல் கட்டளை எண்ணிக்கைக்கும் நேரத்துக்கும் வரம்பு வைக்கும் வசதியும் உண்டு. அந்த ஒரு வகையில் டிக்கிள் லுவாவை விட முன்னே நிற்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

கேட்டவர்: மின்கம்பி

முடிவை மட்டும் டேபிளாக வாங்குவது என்ற வடிவத்துக்கே மாறிவிடுகிறேன். 10 நிமிடம் தொடர்ந்து குறைந்திருந்தால் என்பது போன்ற விதிகளுக்கு முந்தைய நிலையை நினைவில் வைக்க வேண்டும். அதை ஸ்க்ரிப்டின் குளோபல் மாறிகளில் வைக்கலாமா? லுவாவின் எந்தப் பதிப்பை எடுப்பது என்பதையும் சொல்லுங்கள்.

மறுமொழி: அடுக்குமுல்லை

குளோபல் மாறிகளில் வைத்தால், விதிக் கோப்பை மாற்றிப் புதிய ஸ்டேட்டுக்குப் போகும்போது அந்த 10 நிமிடக் கணக்கு தொலைந்துபோகும். ஸ்க்ரிப்ட் பாதியில் நின்றால், மாறிகளும் பாதி மாறிய நிலையில் இருக்கும். எனவே நினைவு என்ற பெயரில் இன்னொரு டேபிளையும் உள்ளே அனுப்பி, மாற்றிய நினைவைப் புதிய டேபிளாக வெளியே வாங்குங்கள். முழுமையாக முடிந்த ஓட்டத்தின் நினைவை மட்டும் சி நிரல் ஏற்கட்டும். எண்கள், சரங்கள், மெய்-பொய் மதிப்புகள் ஆகியவற்றை மட்டுமே அதில் அனுமதியுங்கள். காலத்தையும் நீங்களே அளவீட்டோடு சேர்த்து அனுப்புங்கள். ஓஎஸ் நூலகத்தைத் திறக்காததால் ஸ்க்ரிப்டுக்குக் கடிகாரம் இருக்காது. அது குறையன்று. பழைய அளவீடுகளையும் பழைய காலத்தையும் கொடுத்து அதே விதியை உங்கள் மேசையில் மீண்டும் ஓட்டிப் பார்க்க அது உதவும்.

பதிப்பைப் பொறுத்தவரை 5.4-ஐ எடுங்கள். 5.2 வரை லுவாவின் எண்கள் அனைத்தும் இயல்பாக டபுள் (64 பிட் தசம எண்) வகைதான். 2-இன் 53-ஆம் அடுக்கைக் கடந்த முழு எண்களை அது துல்லியமாகத் தாங்காது. 5.3 முதல் 64 பிட் முழு எண்ணும், பிட் செயல்பாடுகளும், பைட்டுகளைப் பிரித்தெடுக்கும் அன்பேக் செயற்கூறும் மொழியிலேயே உண்டு. 16 பிட் ரெஜிஸ்டர்களைச் சேர்த்து ஆற்றல் எண்ணியை உருவாக்கும் உங்கள் வேலைக்கு இவை நேரடியாகப் பயன்படும்.

ஆனால் அதனோடு வரும் ஒரு மாற்றத்தை அறிந்திருக்க வேண்டும். லுவா_புஷ்நம்பர் கொண்டு 230-ஐ அனுப்பினால், ஸ்க்ரிப்ட் அதைச் சரமாக்கும்போது 230.0 என்றே வரும். லுவா_புஷ்இன்டிஜர் கொண்டு அனுப்பினால் 230 என்று வரும். ஒற்றைச் சாய்வுக் கோட்டால் வகுத்தால் விடை எப்போதும் தசம எண்தான். முழு எண் விடை வேண்டுமென்றால் இரட்டைச் சாய்வுக் கோட்டைப் பயன்படுத்த வேண்டும். எச்சரிக்கைச் செய்திகளில் 230.0 என்று காட்டுவது பெரிய கேடன்று. ஆனால் ரிலேயின் எண்ணையே ஸ்க்ரிப்ட் ஏதோ ஒரு வகுத்தலின் வழியே கணக்கிட்டு 7.5 என்று திருப்பி அனுப்பலாம். அங்கே லுவா_டுஇன்டிஜர்எக்ஸை அழைத்து, மாற்றம் வெற்றியா என்பதைக் காட்டும் மூன்றாவது அளபுருவைக் கட்டாயம் சோதியுங்கள். சோதிக்காமல் விட்டால், மாற்ற முடியாத மதிப்புக்கு அந்தச் செயற்கூறு 0 என்று விடை தரும். உங்கள் பலகையில் 0 என்பதும் உண்மையான ஒரு ரிலேயின் எண்ணாக இருக்கக்கூடும்.